வெட்டி ஒட்டிய வேதாகமங்கள்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, நம் வாலிபர் கூட்டத்துப் பிள்ளை ஒருத்தி தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். தான் வாசிக்கும் புத்தகங்களைப் பற்றி எழுதிவைப்பதற்கென்றே அவள் வைத்திருக்கும் ஏடு அது. வாசித்து முடித்த தேதி, மனதில் நின்ற வரிகள், வண்ணப் பேனாவில் வரைந்த ஓரக்கோலங்கள், பழைய நாட்காட்டியிலிருந்து வெட்டி ஒட்டிய படங்கள், காய்ந்த அரசிலை ஒன்று, எந்தப் பேருந்துப் பயணத்தில் எந்த அதிகாரத்தை வாசித்தாள் என்பதற்குச் சாட்சியாகப் பயணச்சீட்டுகள்! யாத்திராகமத்துக்கு மாத்திரம் ஆறு பக்கங்கள் ஒதுக்கியிருந்தாள். “ஐயா, இதெல்லாம் வீண்வேலை என்று வீட்டில் கண்டிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள். அடுத்த ஆராதனைக்கு மணி அடித்துவிட்டபடியால், “நல்ல வேலைதான் அம்மா, விடாதே” என்று மாத்திரம் சொல்லி அனுப்பினேன்.

அது அவசரத்தில் சொன்ன பதில். வாரம் முழுவதும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. ஆகையால் இந்த வாரத் தியானத்தை, வாசித்ததை வெட்டியும் ஒட்டியும் எழுதியும் வைத்த சில மனிதருடைய வரலாறாக உங்களுக்கு எழுதுகிறேன். அதில் என் கதையும் சிறிது உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

இது புதிய பழக்கம் அல்ல என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அப்போஸ்தலர்கள் வாழ்ந்த அதே முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த மூத்த பிளினி என்பவர், சாப்பிடும்போதுகூட ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் குறிப்பெடுப்பாராம். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் இறந்தார். தம் மருமகனுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்துகளில் பொடியெழுத்தில் இருபுறமும் எழுதிய 160 குறிப்புச் சுருள்களும் இருந்தன. பிற்காலத்தில் ஐரோப்பாவின் பள்ளிகளில், வாசித்தவற்றைத் தலைப்பு வாரியாக ஓர் ஏட்டில் எழுதிவைப்பது மாணவருக்கு ஒரு கடமையாகவே கற்பிக்கப்பட்டது. அப்படிப்பட்ட ஏட்டில் தேடியதை உடனே கண்டுபிடிக்கும்படி அகரவரிசை அட்டவணை அமைப்பது எப்படி என்று தத்துவஞானி ஜான் லாக் ஒரு முறையை வகுத்தார். அது அவர் இறந்தபின் 1706இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வைன், பசை முன்னதாகவே தடவப்பட்ட பக்கங்களைக் கொண்ட ஒட்டுப்புத்தகம் ஒன்றுக்கு 1873இல் காப்புரிமை பெற்றார். பக்கத்தை நனைத்துத் துண்டை ஒட்டினால் போதும். நம் பிள்ளையின் வீட்டார் இவர்கள் எல்லாரையும் கண்டித்தாக வேண்டும்!

ஆனால் நான் நெடுநேரம் நின்று பார்க்க விரும்பும் இடம் வேறு. அது இங்கிலாந்தில் ஹண்டிங்டன்ஷயர் பகுதியிலுள்ள லிட்டில் கிடிங் என்னும் சிற்றூர்.

1620களில் லண்டன் நகரத்தில் ஃபெரார் என்ற வணிகக் குடும்பம் இருந்தது. அதன் மகன் நிக்கோலஸ் ஃபெரார் கேம்பிரிட்ஜில் கற்றவர். ஐரோப்பிய நாடுகளில் பல ஆண்டுகள் பயணம் செய்தவர். அமெரிக்கக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனியின் அலுவல்களில் முன்னின்றவர். 1624இல் அந்தக் கம்பெனியின் அரசுரிமை ரத்தானது. அதே ஆண்டில் அவர் பாராளுமன்றத்திலும் அமர்ந்தார். மேலே மேலே ஏறியிருக்கக்கூடிய மனிதர். அவரோ எல்லாவற்றையும் விட்டு, முதிர்ந்த தாயாரோடும் அண்ணன் குடும்பத்தோடும் அக்காள் குடும்பத்தோடும் ஆளில்லாத அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வீடு பாழடைந்து கிடந்தது. ஆலயம் வைக்கோல் போடும் களஞ்சியமாகியிருந்தது. தாயார் மேரி ஃபெரார் வந்து இறங்கியதும், வீட்டைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆலயத்தைச் சுத்தம்பண்ணுங்கள் என்று கட்டளையிட்டாராம். மருமகளாகவும் தாயாகவும் ஒரு வீட்டை நடத்திய எந்தத் தமிழ்ப் பெண்மணிக்கும் அந்தக் குரல் பழக்கமானதுதான்.

1626இல் நிக்கோலஸ் உதவிக்குருவாக அபிஷேகம் பெற்றார். அதற்கு மேற்பட்ட குருப்பட்டத்தை அவர் நாடவேயில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் அடங்கிய அந்த வீட்டார் ஒரு ஒழுங்கை ஏற்படுத்திக்கொண்டனர். பகலில் மணிக்கொருமுறை சிலர் கூடி, சங்கீதங்களையும் சுவிசேஷங்களின் ஒரு பகுதியையும் சொல்லுவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரு சங்கீதத்தை மனப்பாடமாக ஒப்புவித்தால் ஒரு பென்னி காசு. ஞாயிறு மதியம் அவர்களுக்குச் சாப்பாடும் உண்டு. (நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்கவும். பொருளாளரிடம் நான் பேசுகிறேன்.)

இந்த மணிநேர வாசிப்பிலிருந்துதான் கத்தரிக்கோல் வந்தது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நால்வரும் ஆண்டவருடைய ஒரே வாழ்வைச் சொல்லுகிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் விட்டுவிடுகிறார், ஒருவர் முன்னால் வைப்பதை இன்னொருவர் பின்னால் வைக்கிறார். அந்நால்வரையும் ஒரே தொடராக வாசிக்க என்ன வழி? இது பழைய ஆசை. இரண்டாம் நூற்றாண்டிலேயே சீரிய தேசத்துத் தாத்தியான் நான்கையும் ஒன்றாகக் கோத்து ஒரே நூலாக்கினார். லிட்டில் கிடிங்கார் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. அச்சடித்த புதிய ஏற்பாடுகளை வாங்கினார்கள், வெட்டினார்கள்.

அந்த வேலை நடந்த விதத்தைச் சற்றே மனக்கண்ணால் பாருங்கள். வீட்டில் ஒரு பெரிய அறை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. நிக்கோலஸ் நாள்தோறும் சிறிது நேரம் அங்கே வந்து, எந்த வசனத்துக்குப் பின் எந்த வசனம் என்று வழிகாட்டுவார். அவருடைய அக்காள் மகள்கள், முக்கியமாக மேரி காலட்டும் அன்னா காலட்டும், கத்தியாலும் கத்தரிக்கோலாலும் வரி வரியாக, சில இடங்களில் சொல் சொல்லாக வெட்டுவார்கள். ஒரு பக்கத்திலிருந்து ஒரு வசனத்தை வெட்டினால் அதன் பின்புறத்தில் அச்சாகியிருக்கும் வசனம் சிதைந்துபோகும் அல்லவா? ஆகையால் குறைந்தது இரண்டு பிரதிகள் வேண்டும். வெட்டிய துண்டுகளைப் பெரிய வெற்றுத்தாளில் பசையால் ஒட்டி, உருளை அழுத்தியில் விட்டு எடுப்பார்கள். துண்டின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாது. இது ஏதோ புதுவிதமான அச்சுக்கலை என்று பார்த்தவர்கள் எண்ணினார்களாம். சித்திரங்களையும் விடவில்லை, அச்சடித்த செப்புத்தகட்டுப் படங்களை வாங்கி, அவற்றையும் வெட்டி ஏற்ற இடங்களில் ஒட்டினார்கள். கேம்பிரிட்ஜில் புத்தகம் கட்டுபவர் ஒருவருடைய மகள் வந்து இந்தப் பெண்களுக்குக் கட்டுமானம் கற்பித்தாள்.

முதல் நூல் 1630 அளவில் முடிந்தது. ஆண்டவருடைய வாழ்வும் போதனையும் அதில் 150 தலைப்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தன. அதைவிட எனக்கு வியப்பு வேறொன்று. நான்கு சுவிசேஷகர்கள் மாறுபடுகிற இடங்களில் அவர்கள் யாரையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொரு துண்டின் அருகிலும் அது எந்தச் சுவிசேஷத்திலிருந்து வந்தது என்று காட்ட ஒரு எழுத்து இட்டார்கள். பிற்கால நூல்களில், முதன்மையான வரலாற்றை ஒருவகை அச்செழுத்திலும், மற்றச் சுவிசேஷகர் அதே செய்தியைச் சொல்லும் வரிகளை வேறுவகை எழுத்திலும் வைத்தார்கள். வேண்டுவோர் ஒரே கதையாக வாசிக்கலாம். வேண்டுவோர் மாற்கை மாத்திரம் பின்தொடர்ந்து முழுதாக வாசிக்கலாம். வெட்டியது, ஒன்றையும் இழந்துபோகாமல் வைப்பதற்காக. குருவானவரும் கவிஞருமான ஜார்ஜ் ஹெர்பர்ட்டுக்கு இப்படிப்பட்ட நூல் ஒன்று போய்ச் சேர்ந்தபோது, பெண்களின் கத்தரிக்கோல் பலிபீடத்துக்கு ஊழியம் செய்வதைக் காணும் நாள்வரை தாம் உயிரோடிருந்ததற்காக அவர் மகிழ்ந்தாராம்.

1633இல் அரசர் முதலாம் சார்லஸ் இந்த நூலைப் பற்றிக் கேள்விப்பட்டு, பார்ப்பதற்குக் கேட்டு வாங்கினார். வாங்கியவர் மாதக்கணக்கில் திருப்பித் தரவில்லை. (இரவல் புத்தகத்தின் தலையெழுத்து அரண்மனையிலும் ஒன்றுதான்.) நாள்தோறும் வாசித்து ஓரங்களில் குறிப்பெழுதினார். ஓரிடத்தில் அவர்களுடைய அமைப்பைத் திருத்தி எழுதிவிட்டு, பின்னர் மறுபடியும் வாசித்தபோது முன்பிருந்ததே சரி, தாம்தான் தவறினோம் என்று அதே ஓரத்தில் ஒப்புக்கொண்டு எழுதினார் என்பது ஃபெரார் வீட்டார் பதிந்த செய்தி. மற்ற விஷயங்களில் அந்த அரசர் அவ்வளவு சுலபமாகத் தவற்றை ஒப்புக்கொண்டவர் அல்லர். அதற்காகத் தலையையே கொடுத்தார் என்று சொல்லலாம். எனக்கும் இதேபோல் ஒன்று செய்து தருவோம் என்று வாக்களித்தால்தான் நூலைத் திருப்பித் தருவேன் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். 1635இல் அவருக்காகச் செய்யப்பட்ட அந்தப் பெரிய நூல் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இராஜாக்களின் புத்தகங்களும் நாளாகமமும் முரண்படுவதுபோல் தோன்றும் இடங்களையும் இவ்வாறே ஒழுங்குபடுத்தித் தரும்படி கேட்டு, அதையும் பெற்றுக்கொண்டார்.

இவ்வளவும் அழகு. ஆனாலும் அன்பானவர்களே, வரலாற்றை நேர்மையாய்ச் சொல்லவேண்டுமானால் இன்னொரு காட்சியையும் சொல்லியாகவேண்டும். 1637 டிசம்பரில் நிக்கோலஸ் ஃபெரார் மரித்தார். மரணத்துக்குச் சில நாள் முன்பு, தம் கல்லறைக்கான இடத்தை ஆலயத்துக்கு வெளியே அளந்து குறிக்கச் சொன்னார். பின்பு, பல ஆண்டுகளாகப் பூட்டிவைத்திருந்த பெரிய கூடைகளைக் கொண்டுவரச் செய்தார். அவற்றில் இளமையில் அவர் சேர்த்த நாடகங்களும் காதல் காவியங்களும் நூற்றுக்கணக்கில் இருந்தன. கல்லறைக்குக் குறித்த அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னார். புகையைக் கண்டு ஊரார் ஓடிவந்தனர். மந்திர நூல்களை எரிக்கிறார்கள் என்று வதந்தியும் பரவிற்று.

இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. வேதத்தில் ஒரு சொல்லையும் தவறவிட மனமில்லாத மனிதர், தம்மை உருவாக்கிய வாசிப்பின் ஒரு பாதியைச் சாம்பலாக்கினார். அந்த நாடகங்களும் அவர் வாழ்வின் ஒரு சுவிசேஷகர் அல்லவா, அவற்றுக்கும் ஓரத்தில் ஒரு எழுத்து இட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். ஆனால் மரணப்படுக்கையில் இருப்பவரோடு வாதாடுவது எளிது. அவர் திரும்பிப் பேசமாட்டார். அதனால் இத்தோடு விடுகிறேன்.

இனி கடல் கடந்து, ஏறத்தாழ இருநூறு ஆண்டு தாண்டி, மற்றொரு கத்தரிக்கோலைப் பார்ப்போம். அதைப் பிடித்திருந்தவர் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன்.

அவர் இளமை முதலே, வாசித்ததை எழுதிவைக்கும் வழக்கமுள்ளவர். 1804இல் குடியரசுத் தலைவராக வெள்ளை மாளிகையில் இருக்கும்போதே, சில இரவுகளில் சுவிசேஷங்களை வெட்டி ஒட்டிச் சிறு தொகுப்பு ஒன்றைச் செய்தார். அது இன்று இல்லை. எழுபது வயதைக் கடந்தபின், 1820 அளவில், அதைவிடக் கவனமாக ஒன்றைச் செய்து முடித்தார். கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் வசனங்களை வெட்டிப் பக்கம் பக்கமாக இணையாக ஒட்டினார். இவருக்கும் அதே பின்புறத் தொல்லை இருந்தது. ஆகையால் ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளை வாங்கி வெட்டினார். “நாசரேத்தூர் இயேசுவின் வாழ்வும் ஒழுக்க போதனைகளும்” என்று தலைப்பிட்டு, சிவப்புத் தோல் அட்டையில் கட்டச்செய்தார். தமக்கென்றே அதைச் செய்தார், தாமே வாசித்தார். வீட்டாருக்குக்கூட அது அவருடைய மரணத்துக்குப் பின்புதான் தெரியவந்தது.

அறிவுக்கு ஒவ்வாதவை என்று அவர் எண்ணிய அனைத்தையும் அந்த ஏட்டில் சேர்க்கவில்லை. மலைப்பிரசங்கம் இருக்கிறது, நல்ல சமாரியன் இருக்கிறான், கெட்டகுமாரன் வீடு திரும்புகிறான். அற்புதங்கள் இல்லை. யோவான் 9ஆம் அதிகாரத்தை அவர் கையாண்ட விதத்தைக் கேளுங்கள். பிறவிக்குருடனைக் கண்டு, இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்பதையும், ஆண்டவர் சொன்ன மறுமொழியையும் கொண்ட முதல் மூன்று வசனங்கள் இருக்கின்றன. அதோடு கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அடுத்து நல்ல மேய்ப்பன் உவமை வந்துவிடுகிறது. அந்த மனிதன் சீலோவாம் குளத்துக்குப் போகவேயில்லை. அவன் அங்கேயே, வழியோரத்தில், குருடனாகவே உட்கார்ந்திருக்கிறான். நூலின் கடைசிப் பக்கத்தில் கல்லறையின் வாசலில் பெரிய கல்லைப் புரட்டிவைத்து எல்லாரும் போய்விடுகிறார்கள். அங்கே நூலும் முடிகிறது.

நான் அவரைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேதத்தைத் திறந்தே பாராமல் அலமாரியில் பட்டுத்துணி சுற்றி வைத்திருக்கும் நம்மில் பலரைவிட அவர் அதிகமாக வாசித்தவர். ஆனால் அவருடைய கத்தரிக்கோல் செய்த வேலை, காலட் சகோதரிகளின் கத்தரிக்கோல் செய்த வேலைக்கு நேர் எதிரானது. பசையும் தாளும் பொறுமையும் ஒன்றே.

அந்த நூல் மறுபடியும் வெளிச்சத்துக்கு வந்த கதையில் ஒரு நுட்பம் உண்டு. 1886இல் சைரஸ் ஆட்லர் என்ற இளம் அறிஞர் பால்டிமோர் நகரத்தில் ஒரு தனியார் நூலகத்தைப் பட்டியலிட்டபோது, பக்கமெல்லாம் சன்னல் சன்னலாக வெட்டப்பட்ட இரண்டு ஆங்கிலப் புதிய ஏற்பாடுகளைக் கண்டார். இவை ஜெஃபர்சன் வெட்டியவை என்ற குறிப்பும் உடன் இருந்தது. அதன் தடத்தைப் பிடித்துத் தேடி, 1895இல் ஜெஃபர்சனின் கொள்ளுப்பேத்தியிடமிருந்து ஒட்டப்பட்ட நூலை ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்காக 400 டாலருக்கு வாங்கினார். முதலில் அகப்பட்டது, வேண்டாம் என்று விடப்பட்ட பாகம்தான். அற்புதங்களும் உயிர்த்தெழுதலும், வெட்டிய ஓட்டைகளைச் சுற்றி, அந்தப் பழைய புத்தகங்களில் அப்படியே இருந்தன.

மூன்றாவது மனிதர் வெட்டியவர் அல்லர், சேர்த்தவர். ஜெஃபர்சனுக்கு முந்தைய தலைமுறைகளில் நியூ இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் சபையின் போதகராக இருந்த ஜோனத்தான் எட்வர்ட்ஸ். எழுப்புதல் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அவர் பெயர் தெரியும்.

1730இல் மைத்துனர் ஒருவரிடமிருந்து அவருக்கு ஒரு விசித்திரமான வேதாகமம் கிடைத்தது. பொடியெழுத்து வேதாகமம் ஒன்றைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையே பெரிய வெற்றுத்தாள் வைத்து மறுபடியும் கட்டியிருந்தார்கள். அடுத்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வெற்றுத்தாள்களில் எட்வர்ட்ஸ் 5,500 அளவில் குறிப்புகளை எழுதினார். அந்த நூல் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் அரிய நூல் நூலகத்தில் இருக்கிறது. அதுவன்றி, தலைப்பு வாரியாக எண்ணிட்ட வேறு குறிப்பேடுகளும் பல உண்டு. குதிரையில் போகும்போது தோன்றிய எண்ணம் மறந்துபோகாதபடி ஒரு துண்டுத்தாளைத் தம் சட்டையில் குத்திக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி எழுதுவார் என்றும், நீண்ட பயணத்தின் முடிவில் சட்டை முழுவதும் தாளாக இருக்கும் என்றும் ஒரு கதை உண்டு. தாள் அருமையான காலம் அது. கடிதங்களின் வெற்றுப்புறம், கடைச் சீட்டுகள், வீட்டுப் பெண்கள் விசிறி செய்து மிஞ்சிய தாள் துண்டுகள் எல்லாவற்றிலும் எழுதினார்.

என் குருப்பணியின் தொடக்க ஆண்டுகளில் அந்தச் சட்டையின் கதையைப் பிரசங்கத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்நாட்களில் நான் அறியாதிருந்த ஒரு தாள் அவருடைய காகிதங்களுக்குள் இருந்தது. 1731ஆம் ஆண்டின் கிரயச்சீட்டு அது. நியூபோர்ட் துறைமுக நகரத்தில், வீனஸ் என்று பெயரிடப்பட்ட, ஏறத்தாழ 14 வயதுள்ள ஆப்பிரிக்கச் சிறுமியை எட்வர்ட்ஸ் 80 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். வெற்றுத்தாள் வேதாகமம் கைக்கு வந்த மறு ஆண்டு! பத்தாண்டுக்குப் பின், வேறொரு போதகர் அடிமை வைத்திருப்பதை அவருடைய சபையார் ஆட்சேபித்தபோது, அந்தப் போதகரின் சார்பாக எட்வர்ட்ஸ் எழுதிய வரைவுக் குறிப்பும் கிடைத்திருக்கிறது.

ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள். யாத்திராகமத்துக்கும் எழுதியிருக்கிறார், பிலேமோனுக்கும் எதிரே வெற்றுத்தாள் இருந்தது. வாசிப்புக் குறிப்பேடு எழுதுவது மனிதனைத் தானாகவே திருத்திவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கிரயச்சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுமி என்ன வாசித்தாள், அவளுக்கு வாசிக்க யாராவது கற்றுக்கொடுத்தார்களா, அவள் மனதில் நின்ற வசனம் எது என்பதற்கு ஒரு துண்டுத்தாளும் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. அதை மறைப்பதும் அநியாயம். எட்வர்ட்ஸின் மாணாக்கராக அவர் வீட்டில் தங்கிக் கற்றவரும், அவர் மரித்தபின் 1765இல் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான சாமுவேல் ஹாப்கின்ஸ், பின்னர் ஒரு சபைக்குப் போதகராகப் போனார். அந்தச் சபை இருந்த ஊர், வீனஸ் விலைக்கு வாங்கப்பட்ட அதே நியூபோர்ட். அங்கே கப்பல்களையும் அடிமை வியாபாரத்தையும் கண்ணால் கண்டு, 1776இல் அடிமைமுறையைக் கண்டித்து ஒரு உரையாடல் நூல் எழுதினார். எட்வர்ட்ஸின் சொந்த மகனும் 1791இல் அதற்கு எதிராகப் பிரசங்கம்பண்ணினார். தகப்பன் திறந்திருந்த அதே வேதாகமத்தைத்தான் இவர்களும் திறந்தார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் ஒரு குறிப்பேடு உண்டு. இறையியல் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் தொடங்கினேன். கனத்த அட்டை போட்ட, கோடு போட்ட நோட்டு. இன்று ஐந்தாவது நோட்டு நடக்கிறது. வாசித்த வசனங்கள், தியான நூல்களில் கண்ட கருத்துகள், பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டுகள், ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் ஆலயத்தில் எடுத்த வாக்குத்தத்த அட்டை எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. வீடு சந்திப்புக்குப் போகும்போது அதை எடுத்துப்போவது வழக்கம். எந்தச் சூழ்நிலைக்கும் ஏற்ற ஒரு வசனம் அதில் உண்டு என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு சிறு பெருமை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். கட்டட வேலைக்குப் போன மகன் சாரத்திலிருந்து விழுந்து இறந்திருந்தான். முடிக்காத வேலைக்குக் கூலி இல்லை என்று சொல்லி, அவனுக்குச் சேரவேண்டிய இரண்டு வாரக் கூலியையும் தரவில்லை. அந்தத் தாய் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நோட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் புரட்டினேன், இன்னொரு பக்கம் புரட்டினேன். ஏசாயா 41, எரேமியா 29, பிலிப்பியர் 4. எல்லாம் சத்தியம், ஒன்றையும் அந்த அறையில் என்னால் வாய்விட்டு வாசிக்க முடியவில்லை. நோட்டை மூடிவிட்டு அவர்கள் அருகே தரையில் உட்கார்ந்தேன். “ஏன் ஐயா, ஒன்றும் இல்லையா?” என்று அந்த அம்மாள் கேட்டார்கள். கோபத்தில் கேட்கவில்லை. தகவல் கேட்பதுபோல் கேட்டார்கள்.

அன்றிரவு ஐந்து நோட்டுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 23ஆம் சங்கீதம் பதினொரு இடங்களில் எழுதப்பட்டிருந்தது. எரேமியா 29:11 ஒன்பது இடங்களில். புலம்பல் புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களிலிருந்தும் நான் எழுதியிருந்தது மூன்றாம் அதிகாரத்தின் இரண்டே வசனங்கள். ஆமோஸ் இல்லை. வேலைக்காரருடைய கூலியைப் பற்றிச் சொல்லும் யாக்கோபு 5ஆம் அதிகாரத்தின் தொடக்கம் இல்லை. அதே அதிகாரத்தில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கும் பகுதி மாத்திரம் நாலு முறை இருந்தது. இருளோடேயே முடிந்துவிடும் 88ஆம் சங்கீதம் எங்கேயும் இல்லை. நான் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததே கிடையாது. இருந்தும் என் ஐந்து நோட்டுகளும் ஜெஃபர்சனின் நூலைவிட நயமாக வெட்டப்பட்டிருந்தன. அவருக்காவது தாம் வெட்டுகிறோம் என்பது தெரிந்திருந்தது.

மறு வாரம் நம் சபை மூப்பர்கள் இருவரோடு அந்தக் குத்தகைக்காரரிடம் கூலி கேட்கப் போனோம். மூன்றாம் தரம் போனபோது கொடுத்தார். அதன்பின் அந்த அம்மாள் வீட்டுக்கு நோட்டு இல்லாமல் வேதாகமத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு போனேன். 88ஆம் சங்கீதத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டு வாசித்தேன். முடிந்ததும் அவர்கள் முதல் தடவையாக அழுதார்கள். “இது நம் வேதத்தில் இருக்கிறதா?” என்று கேட்டு, பக்கத்தை மடித்து வைக்கச் சொன்னார்கள்.

ஆகவே, குறிப்பேடு கொண்டுவந்த நம் பிள்ளைக்கும், அவள் வீட்டாருக்கும், வீட்டில் இப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் நான் சொல்ல நினைத்தது இதுதான். ஒட்டுங்கள், எழுதுங்கள், படம் வரையுங்கள், பயணச்சீட்டையும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, வாசித்த புத்தகத்தையும் உங்கள் நோட்டையும் அருகருகே திறந்துவைத்து, எது நோட்டுக்குள் வரவில்லை என்று பாருங்கள். வேதத்துக்கு மாத்திரம் அல்ல, நீங்கள் வாசிக்கும் கதைக்கும் செய்தித்தாளுக்கும் இதுவே பொருந்தும். உங்களுக்குப் பிடிக்காத வரி, உங்களைக் குத்திய வரி, விளங்காத வரி ஆகியவற்றுக்கும் நாலு பக்கம் கொடுங்கள். லிட்டில் கிடிங் பெண்கள் செய்ததுபோல் ஓரத்தில் ஒரு எழுத்து இட்டால் போதும். அந்தப் பிள்ளையின் யாத்திராகமப் பக்கங்களில் பார்வோனுடைய செங்கல் சூளைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருந்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். என் நோட்டில் அது இல்லை.

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலயக் கூடத்தில் வாலிபர் கூட்டம். அவரவர் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள்; பெரியவர்களும் வரலாம். பசையும் கத்தரிக்கோலும் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. நானும் என் ஐந்தாவது நோட்டைக் கொண்டுவருகிறேன். இந்த வாரம் அதில் 88ஆம் சங்கீதத்தை முழுவதும் கையால் எழுதினேன். பதினெட்டு வசனங்கள்; இரண்டு பக்கம் பிடித்தது. அடுத்த பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.